அரிமளத்துக்குப் புயல் வரும்போது

புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளத்திலிருந்து கோட்டைப்பட்டினம் கடற்கரை நேர்க்கோட்டில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். அலை ஊருக்குள் வராது, படகை இழுத்துக் கட்டும் வேலை இல்லை, கூண்டு ஏற்றுகிற துறைமுகமும் பக்கத்தில் இல்லை. அதனால் புயல் என்றதும் நம் பக்கத்து டீக்கடையில் முதலில் கிளம்பும் பேச்சு, "அது கடக்கரைக்காரவுகளுக்குப்பா, நமக்கு மழைதான்" என்பதாக இருக்கும். 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடிவதற்குள் கஜா அந்தப் பேச்சை முடித்துவைத்தது.

நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே நள்ளிரவு தாண்டிக் கரையேறிய அந்தப் புயல், கரையோடு நிற்கவில்லை. திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று மேற்கே உழுதுகொண்டே போய்த் திண்டுக்கல் பக்கம் சேரும்போதுதான் வேகம் தணிந்தது. கறம்பக்குடி, ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம், கந்தர்வகோட்டை எல்லாம் கடலைப் பார்க்க பஸ் ஏற வேண்டிய ஊர்கள்தான். அங்கே தென்னையும் பலாவும் ஒரே இரவில் தரையில் கிடந்தன. தமிழகத்தில் நாற்பத்தைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். டெல்டாவும் புதுக்கோட்டையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாததால் தண்ணீர் இல்லை.

கடைசி வரியை மனதில் வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். கடலோரத்துக்காக எழுதப்பட்ட கையேடுகள் அலையையும் வெளியேற்றத்தையும்தான் பெரும்பாலும் பேசும். அவை மணமேல்குடிக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கும் பொருந்தும். அரிமளத்துக்குப் புயல் என்பது ஒரு ராத்திரி காற்று, அதன் பின்னே இரண்டு மூன்று வாரம் இருட்டும் காலிக் குடமும். முதலாவதற்குக் கூரையையும் மரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டாவதற்குக் கிணற்றைப் பார்க்க வேண்டும். மெழுகுவத்தி வாங்குவது எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும் வேலை.

எந்த அறிவிப்பு நமக்கு

இந்திய வானிலை ஆய்வுத் துறை புயலுக்கு நான்கு கட்டமாக எச்சரிக்கை விடுகிறது. மோசமான வானிலை தொடங்க 72 மணி நேரம் முன்பு ஒன்று, 48 மணி நேரம் முன்பு ஒன்று, 24 மணி நேரம் முன்பு ஒன்று. இந்த மூன்றும் கரையோர மாவட்டங்களை மனதில் கொண்டவை. நான்காவது, கரையைத் தொடுவதற்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்பு வரும். புயல் கரை கடந்த பிறகு எந்த வழியாக நகரும், உள்மாவட்டங்களில் காற்று எவ்வளவு வேகத்தில் வீசும் என்பதை அதுதான் சொல்லும். டிவிக்காரர்கள் அலையைப் படம் பிடிக்கும் அவசரத்தில் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அரிமளத்துக்கு உரிய அறிவிப்பு அந்த நான்காவதுதான். வானிலைத் துறையின் இணையதளத்திலும் வானொலிச் செய்தியிலும் அதைத் தேடிப் பிடியுங்கள்.

கூண்டு எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 8, 9, 10 மூன்றும் பெரும் ஆபத்தைக் குறிப்பவை. 10 என்றால் 8-ஐவிடப் பலமான புயல் என்று நினைப்பது தவறு. புயல் அந்தத் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது அதன் மேலேயே கடக்குமா என்பதைத்தான் அந்த எண்கள் பிரித்துச் சொல்கின்றன. நாகையில் ஏற்றிய எண்ணை வைத்து அரிமளத்துக் காற்றைக் கணக்குப் போட முடியாது.

கஜா புயலாக மாறியது நவம்பர் 11. கரையைத் தொட்டது 16. அதற்கு முந்தைய சில நாட்களில் 'கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே' என்றுதான் செய்தி வந்துகொண்டிருந்தது. தமிழகக் கரையில் பாதிக்குச் சற்றுக் குறைவான நீளம் அது. ஊரைக் குறிப்பிட்டுச் சொல்லும்போது கையில் மிஞ்சியிருந்த நேரம் குறைவுதான். 2020 நவம்பரில் நிவர் வந்தபோது ஏழு மாவட்டங்களில் பஸ்ஸை நிறுத்தினார்கள், அதில் புதுக்கோட்டையும் ஒன்று. புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிவிட்டது. சில நாளில் வந்த புரெவி மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்தது. "ரெண்டு தடவை பயமுறுத்தினாங்க, ஒண்ணும் வரலையே" என்ற அலட்சியம் அப்போது பிறந்தது. வராத புயலுக்குச் செய்த தயாரிப்பில் நஷ்டம் என்று ஒன்றும் இல்லை. வெட்டிய கிளை அடுப்புக்கு ஆகும், சரி பார்த்த கிணறு கோடைக்கு ஆகும்.

மரம்: புரட்டாசி முடிவதற்குள்

எச்சரிக்கை வந்த பிறகு மரம் ஏறாதீர்கள். ஈரத்தில், காற்றில், அவசரத்தில் ஏறி விழுந்தவர்களின் எண்ணிக்கை எந்தப் புயல் கணக்கிலும் சேராது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடிக்கும். மரவேலையைப் புரட்டாசிக்குள் முடிப்பதுதான் கணக்கு.

வீட்டு மேல் சாய்ந்திருக்கும் வேம்பு, புளி, பூவரசு எதையும் மொட்டை அடிக்கத் தேவையில்லை. அடர்ந்த தலையைக் கழித்து, காற்று ஊடே போக இடம் விட்டால் போதும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது மரத்தில் தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் வேகக் காற்றில் ஆடி நின்ற மரம், 120-ல் நிற்கும் என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். முருங்கையை எப்படியும் ஆண்டுக்கொரு முறை வெட்டத்தானே போகிறோம், அதை மழைக்கு முன் வெட்டிவிடலாம்.

அரிமளம் வட்டாரத்துக்கே உரிய தலைவலி தைலமரம். ஆர்.எஸ்.பதி என்று நாம் சொல்லும் யூக்கலிப்டஸ் காடுகள் சுற்றிலும் கிடக்கின்றன. நிலத்தடி நீரை அது என்ன செய்கிறது என்பது வேறு சண்டை, இந்த ஊர்க்காரர்கள் அதைப் பல ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். புயல் நேரத்தில் பிரச்சினை அதன் உயரமும் ஒல்லியும். நடுவில் முறிந்து, தூரத்தில் போய் விழும். வீட்டுக்கோ மின்கம்பிக்கோ மரத்தின் உயரத்துக்குச் சமமான தூரத்துக்குள் தைலமரம் நின்றால், அதை வெட்டக் கேட்டு மனு கொடுக்க ஆவணி மாதமே சரியான நேரம். தனியார் கொல்லை என்றால் உரிமையாளரிடம் பேசலாம். வனத் தோட்டக் கழகத்தின் நிலம் என்றால் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.

தென்னை வைத்திருப்பவர்களுக்குத் தோட்டக்கலைத் துறை சொல்லும் யோசனை எளியது. முற்றிய காய்களைப் பறித்துவிடுங்கள், கீழே தொங்கும் பாரமான மட்டைகளை வெட்டிவிடுங்கள், எச்சரிக்கை வந்ததும் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். ஈரம் ஊறிய மண்ணில் வேர் பிடி தளரும். வாழைக்கு முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கம்பு, முக்கால் பங்கு முற்றிய தாருக்கு அறுவடை. எதுவும் நூறு சதவீதம் காப்பாற்றாது. கஜாவின் இரவில் ஒழுங்காகப் பராமரித்த தோப்பும் விழுந்தது. ஆனால் தலைப்பாரம் குறைந்த மரத்துக்கு ஒரு வாய்ப்பு கூடுதலாக உண்டு.

கூரை

காற்று கூரையை அழுத்தி உடைக்கும் என்று நாம் நினைக்கிறோம். அது செய்வது பெரும்பாலும் நேர்மாறு. கூரையின் மேல் வேகமாக ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சும். காற்று வரும் பக்கத்துக் கதவோ ஜன்னலோ திறந்துகொண்டால், உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளும். இரண்டும் சேர்ந்தால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் முதலில் விளிம்பில் கிளம்பும். ஆகவே கூரையில் பார்க்க வேண்டியது விளிம்பு, கீழே பார்க்க வேண்டியது கதவின் தாழ்ப்பாள்.

ஷீட் போட்ட வீட்டில் ஏணி வைத்து, ஷீட்டை இரும்புக் குழாயோடு பிடித்திருக்கும் ஜே போல்ட்டை ஒவ்வொன்றாகக் கையால் திருகிப் பாருங்கள். நான்கைந்து வருடம் ஆன வீட்டில் ரப்பர் வாஷர் வெடித்து, நட்டு துருப்பிடித்து, போல்ட் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். தாழ்வாரத்து விளிம்பில் இருக்கும் கடைசி வரிசையும் மோட்டு வரிசையும்தான் முக்கியம். அந்த இரண்டு வரிசைக்கு மட்டும் புது போல்ட் போட ஹார்டுவேர் கடையில் ஆகும் செலவு ஒரு ஷீட்டின் விலைக்குள் அடங்கிவிடும். ஷீட்டின் மேல் கல்லைத் தூக்கி வைப்பது பழக்கமாகிவிட்டது. காற்று பலத்தால் அந்தக் கல்லே கீழே வந்து விழும். பாரம் வேண்டுமென்றால் மணல் மூட்டைகளை இரண்டிரண்டாகக் கயிற்றில் பிணைத்து, மோட்டின் இரு பக்கமும் தொங்குமாறு போடுங்கள்.

நாட்டு ஓட்டு வீடு தனித்தனி ஓடாக இழக்கும், முழுக் கூரையாக இழக்காது. அது ஒரு வகையில் நல்லது. மோட்டு ஓட்டின் பூச்சு வெடித்திருந்தால் மட்டும் மழைக்கு முன் பூசிவிடுங்கள். பழைய செட்டிநாட்டு வீடுகளில் சுவர் அசையாது. பூட்டிக் கிடக்கும் வீட்டின் மேல்மாடி ஜன்னல் ஒன்று திறந்திருந்தால் போதும், உள்ளே இருக்கும் மரவேலை எல்லாம் நனையும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உரிமையாளர்கள் சாவி வைத்திருப்பவருக்கு ஒரு போன் போட்டால் நல்லது.

குடிசையிலும் கீற்றுக் கொட்டகையிலும் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பயன்படாது. 100 கிலோமீட்டர் காற்றில் கீற்று நிற்காது. அவர்கள் இருட்டுவதற்குள் தளம் போட்ட கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். கஜாவுக்கு முந்தைய நாளே எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அரசு முகாம்களுக்கு அழைத்துச் சென்றது, பெரும்பாலும் கரையோரத்திலிருந்து. உள்ளூரில் அப்படி வண்டி வரும் என்று காத்திருக்க வேண்டாம். 'பக்கத்துக் காரை வீட்டில் படுத்துக்கொள்ளலாம்' என்று எழுதிவிடுவது சுலபம். யார் வீட்டுத் திண்ணையில் யார் படுக்கலாம் என்ற கணக்கு நம் ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் பள்ளிக்கூடத்துச் சாவி முக்கியம். எச்சரிக்கை வந்த அன்று காலையிலேயே சாவி யாரிடம் இருக்கிறது, எந்த வகுப்பறைக்கு ஷீட் கூரை, எதற்குத் தளம், கழிப்பறையில் தண்ணீர் உண்டா என்று வார்டு உறுப்பினரோ இளைஞர்களோ போய்ப் பார்த்துவிட வேண்டும்.

மொட்டை மாடியில் ஒரு சுற்று. கேபிள் குடை, காலிப் பெயின்ட் டப்பா, கிழிந்த ஃபிளெக்ஸ், துணி காயவைக்கும் கம்பி எல்லாம் கீழே வரட்டும். சின்டெக்ஸ் தொட்டியைக் காலியாக விடாதீர்கள். காலி 1,000 லிட்டர் தொட்டியை ஒரு ஆள் தூக்கிவிடலாம், காற்றுக்கு அது பொருட்டே இல்லை. நிரம்பினால் அது ஒரு டன். நிரப்பிவிட்டால் தொட்டியும் நிற்கும், தண்ணீரும் கிடைக்கும்.

தண்ணீர்

அரிமளத்தில் குழாயில் வரும் தண்ணீர் மோட்டார் இழுத்து, மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி வருவது. மின்கம்பி அறுந்த நிமிஷத்தில் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். கஜாவுக்குப் பிறகு டெல்டாவிலும் நம் மாவட்டத்திலும் டிராக்டரில் ஜெனரேட்டரை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தொட்டியை நிரப்பினார்கள். வாடகை ஏறிக்கொண்டே போனது, வரிசையும் நீண்டுகொண்டே போனது. பேரூராட்சியும் ஊராட்சிகளும் இதைப் புயலுக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு அதே அளவு ஜெனரேட்டர் போதாது. மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு மின்சாரம் இழுக்கும். 10 முதல் 15 கேவிஏ ஜெனரேட்டர் வேண்டும். எந்தத் தொட்டிக்கு எந்த அளவு, யாரிடம் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு என்ன வாடகை என்று ஒரு தாளில் எழுதி, அலுவலகச் சுவரில் ஒட்டிவிடலாம்.

வீட்டுக் கொல்லையில் திறந்த கிணறு இருக்கிறவர்கள் பாக்கியவான்கள். ஆனால் இப்போது அந்தக் கிணற்றில் என்ன இருக்கிறது? ஒரு மோட்டார், அதன் பிளாஸ்டிக் குழாய், மேலே இரும்பு வலை. கப்பி கழற்றப்பட்டு எங்கோ கிடக்கிறது, கயிறு இற்றுப்போய்விட்டது. வாளி இறைக்கத் தெரிந்தவர் வீட்டில் அப்பத்தா ஒருத்திதான். புரட்டாசியில் ஒரு நாள் கப்பியை மாட்டி, எண்ணெய் போட்டு, புதுக் கயிறும் இரும்பு வாளியும் கட்டி இறைத்துப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் இடிந்திருந்தால் அதையும் பூசுங்கள், குழந்தைகளும் பெண்களும் இருட்டில் வரப்போகும் இடம் அது. தெருமுனை அடிபம்பும் அப்படித்தான். கைப்பிடி இருக்கும், வாஷர் போயிருக்கும். பேரூராட்சியில் சொல்லி அதைச் சரிசெய்ய நல்ல மாதம் செப்டம்பர்.

குடிக்க ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு லிட்டர், சமையலுக்கும் கொஞ்சம். ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் 150 லிட்டருக்கு மேல் போகும். இதற்குத் தண்ணீர் கேன் வாங்கி அடுக்க வேண்டாம், வீட்டில் இருக்கும் அண்டா, குண்டான், பித்தளைத் தவலை எல்லாவற்றையும் கழுவி முதல் நாளே நிரப்பினால் போதும். கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடிப்பது செட்டிநாட்டுப் பக்கம் பழைய வழக்கம்தான். முதல் பெய்யலை வெளியே விட்டுப் பிறகு பிடியுங்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது கணக்கு. 2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் தண்ணீரும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறக்குறைய 9,400 லிட்டர் இருக்கும். அதற்குச் சுமார் 24 கிராம். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு படிந்த பிறகு தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியால் நாலு தடவை கலக்கிவிட்டு, ஒரு மணி நேரம் விடுங்கள். கலங்கல் தண்ணீருக்கு இந்த அளவு பத்தாது. முதலில் இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாக ஊறியதற்குப் போடுங்கள், சுகாதார ஆய்வாளரைக் கொண்டு குளோரினைச் சோதித்துக்கொள்ளுங்கள். எதுவும் முடியாவிட்டால் நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

சாப்பாட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நம் வீடுகளில் அரிசி தீராது. மாவு அரைக்க முடியாது, பிரிட்ஜ் வேலை செய்யாது, அவ்வளவுதான். அவல், பொரிகடலை, பருப்புப் பொடி, வத்தல், ஊறுகாய் இருந்தால் வண்டி ஓடும். கையில் சில்லறைப் பணம் வேண்டும். ஏடிஎம்மும் ஓடாது, ஜிபேயும் ஓடாது, பெட்ரோல் பங்கும் கரண்ட்டில்தான் ஓடுகிறது.

இன்சுலின் போடுகிறவர்கள் இரண்டு வார மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு, பிரிட்ஜ் நின்றால் ஈரத்துணி சுற்றிய மண்பானையில் வைக்கலாம். பிரசவ நாள் நெருங்கியவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களும் காற்றுக்கு முந்தைய நாளே புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பக்கம் போய்விட வேண்டும். மரம் விழுந்த சாலையில் 108 வர முடியாது.

அந்த இரவு

மாலையில் மாட்டை அவிழ்த்துவிடுங்கள். ஷீட் கொட்டகையில் கட்டிப்போட்ட மாடுதான் சாகும். கட்டவே வேண்டுமென்றால் மரத்தடியில் கட்டாதீர்கள். ஆடு, கோழியை உறுதியான சுவர் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள்.

படுக்கையை வீட்டின் நடுவிலுள்ள அறைக்கு, கண்ணாடி ஜன்னலிலிருந்து தள்ளிக் கொண்டுவாருங்கள். பெரிய மரம் நிற்கும் பக்கத்து அறை வேண்டாம். போனில் சார்ஜ் ஏற்றிவிட்டு, மெயின் சுவிட்சை இறக்குங்கள். கேஸ் சிலிண்டரின் வால்வை மூடுங்கள். குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் பாஸ்புக், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில், தலைமாட்டில். செருப்பும் டார்ச்சும் அதன் பக்கத்திலேயே.

காற்று திடீரென்று நின்றால் எழுந்து வெளியே போகாதீர்கள். புயல் நம் பக்கத்தில் இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து மேற்கே போகும் புயலின் மையம் ஊர் மேலேயே கடந்தால், முதலில் வடக்கிலிருந்து அடிக்கும், பிறகு அமைதி, பிறகு தெற்கிலிருந்து அடிக்கும். மையம் ஊருக்கு வடக்கே கடந்தால் அமைதி இருக்காது, காற்று வடமேற்கிலிருந்து மேற்காகி, தென்மேற்காகத் திரும்பும். முதல் பாதியில் வேர் தளர்ந்த மரத்தை இரண்டாம் பாதி எதிர்ப்பக்கமிருந்து தள்ளும். 'முடிஞ்சிருச்சு' என்று கொல்லைக்கு மாட்டைப் பார்க்கப் போகும் நேரம் அதுதான். விடியும் வரை உள்ளேயே இருங்கள்.

விடிந்த பிறகு

முதல் ஆபத்து, தரையில் கிடக்கும் கம்பி. கரண்ட் இல்லை என்று தெரிந்தாலும் தொடாதீர்கள், தண்ணீரில் கிடந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். இரண்டாவது, வீட்டு ஜெனரேட்டர். மெயினை இறக்காமல் வீட்டு வயரிங்கில் ஜெனரேட்டரைச் செருகினால் மின்சாரம் திரும்பித் தெருக்கம்பிக்கு ஏறும். கம்பத்தின் உச்சியில் இருக்கும் ஆள் அதில் செத்துப்போகலாம். கஜாவுக்குப் பிறகு கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்து நம் வயல்களில் கம்பம் நட்டவர்கள் ஒவ்வொரு வீட்டு ஜெனரேட்டரையும் நம்பித்தான் மேலே ஏறினார்கள். லைன்மேன் வாசலில் வந்து, "அண்ணே, மெயினை எறக்கிட்டீகளா?" என்று கேட்டால், "எறக்கியாச்சு தம்பி, வந்து நீயே பாத்துக்க" என்று கையோடு அழைத்துக் காட்டுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய தாழ்வாரத்திலோ ஓட்டக் கூடாது, அதன் புகையிலுள்ள நச்சுவாயு மணமே தெரியாமல் கொல்லும்.

விழுந்த மரத்தை வெட்ட எல்லோரும் அரிவாளோடு கிளம்புவோம். வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளையை வெட்டினால் அது வில் மாதிரி எகிறும். மெஷின் ரம்பம் ஓட்டத் தெரிந்தவரிடம் விடுங்கள். இடிபாட்டில் பாம்பு இருக்கும், கம்பால் தட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்டவரை அசையாமல் வைத்து நேரே அரசு மருத்துவமனைக்கு.

வெட்டுவதற்கு முன் படம் எடுங்கள். அரசு நிவாரணம் கணக்கெடுப்பில்தான் வரும், கணக்கெடுப்பு கிராம நிர்வாக அலுவலரின் கையில். கஜாவுக்குத் தென்னை ஒன்றுக்கு மரத்துக்காக 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் ஆக 1,100 ரூபாய் அறிவித்தார்கள். பதினைந்து வருடம் வளர்த்த மரத்துக்கு அது ஈடே இல்லை. அதையும் விட்டுவிட வேண்டாம். சர்வே எண் தெரியும்படி, மரங்கள் விழுந்து கிடக்கும்படி, எண்ணிக்கை தெரியும்படி படம் இருக்கட்டும். அடங்கலில் உங்கள் மரங்கள் ஏறியிருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். செத்த மாட்டைப் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்குங்கள்.

காப்பீடு என்று வந்தால், தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டத்தில் 4 முதல் 15 வயது மரத்துக்குப் பிரீமியம் 9 ரூபாய், 16 முதல் 60 வயது வரை 14 ரூபாய், அதில் விவசாயி கட்டுவது கால் பங்குதான். ஐந்து மரம் இருந்தாலே சேரலாம். கிடைக்கும் தொகை 900, 1,750 என்று குறைவுதான். ஆனாலும் மூன்றரை ரூபாய்க்கு அதைவிட நல்ல பேரம் வேறு இல்லை. நடப்பு ஆண்டின் விகிதத்தை வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் விழும். புயல் காலமும் அதேதான், கடைசி நாள் வரை தள்ளாதீர்கள். அறுத்து வயலில் காயப் போட்ட கதிர் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. இந்த மூன்று எண்களையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். போனில் மட்டும் இருந்தால், சார்ஜ் தீர்ந்த அன்றைக்கு அவை உங்களுக்குக் கிடைக்காது.